மடுவத்தைப் பற்றிய கேள்வி

மேல்கந்தை தோட்டம்,
பலாங்கொடை.
3.6.2024

அன்பின் றுகையாவுக்கு,

தர்மிளா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். கொழும்பில் உனக்கு மழை எப்படி? இங்கே விடாமல் கொட்டுகிறது.

கடிதம் எழுதுகிறேனே என்று சிரிக்காதே. இந்த லயத்து வீடுகளில் சிக்னல் இல்லை. பேசுவதென்றால் மேலே கோயிலடிக்கு ஏற வேண்டும், அங்கே எல்லார் காதும் இருக்கும். பூர்த்தி செய்த படிவங்களை எப்படியும் பஸ்ஸில் பலாங்கொடை றம்ஸான் நானா கடைக்கு அனுப்ப வேண்டும், அங்கிருந்துதானே உனக்கு வரும். அந்தப் பையிலேயே இதையும் வைக்கிறேன்.

பலாங்கொடைப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தோம். நீ படித்து ஆய்வு நிறுவனத்தில் கேள்வி தயாரிக்கிறாய், நான் ஒரு வருடம் கொழுந்து பறித்துவிட்டு வீட்டில் இருந்தேன். இந்த வேலைக்கு என்னைக் கூப்பிட்டாயே, அதை மறக்க மாட்டேன். அதனால்தான் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். பத்துப் பெண்களிடம் கேட்டு முடித்தேன். உன் இருபத்தேழாவது கேள்விக்குப் பத்துப் பேரும் "இல்லை". "பணியிடத்தில் பாலியல் ரீதியான தொந்தரவுக்கு உள்ளாகியுள்ளீர்களா?" என்று வாசித்தால் அவர்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள். இருளாயி அக்கா, "தொந்தரவா? அட்டைக் கடிதான் பெரிய தொந்தரவு புள்ள" என்றார். நான் "இல்லை" என்று கோடு போட்டேன். அது பொய்யென்று எனக்குத் தெரியும். நானும் கொழுந்தை நிறுக்கக் கொடுத்தவள்தானே.

இப்படிக் கேட்டுப் பார்க்கலாமா: "கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் யாராவது உங்கள் மேல் கை வைத்ததுண்டா?" அடுத்ததாக, "யார்?"

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
தர்மிளா

◦

கொழும்பு
8.6.2024

அன்பின் தர்மிளா,

உன் கடிதத்தை எங்கள் பேராசிரியரிடமே வாசித்துக் காட்டினேன். "ஆறு மாதம் இருந்து நாங்கள் எழுதிய கேள்வியை அந்தப் பிள்ளை ஒரு வரியில் திருத்திவிட்டாள்" என்றார். இருபத்தேழு, இருபத்தெட்டு இரண்டையும் உன் சொற்களிலேயே மாற்றிவிட்டோம். புதிய படிவங்களை இத்துடன் அனுப்புகிறேன்.

சில விஷயங்களைக் கவனி. பெண்ணைத் தனியாக வைத்துக் கேள். கேட்ட பிறகு பேசாமல் இரு, அவர் மௌனமாக இருந்தால் நீ அதை நிரப்பாதே. தலையாட்டாதே, "ஐயோ" என்றும் சொல்லாதே, அது அடுத்த பதிலை மாற்றிவிடும். தொடங்கும் முன்னர் முதல் பக்கத்து உறுதிமொழியை முழுதாக வாசி: "உங்கள் பெயர் எங்கும் எழுதப்படாது. நீங்கள் சொல்வது எவருக்கும் காட்டப்படாது." லய எண்ணும் வீட்டின் காம்பரா எண்ணும் மட்டும் போதும். அடுத்த வருடம் அதே ஆட்களிடம் மறுபடி கேட்பதற்குத்தான் அவை.

உம்மா உன்னைச் சுகம் விசாரித்தார்.

அன்புடன்,
றுகையா

◦

மேல்கந்தை
14.6.2024

அன்பின் றுகையாவுக்கு,

புதிய படிவத்தில் பன்னிரண்டு பேரிடம் கேட்டேன். ஏழு பேர் "ஆம்".

மருதாயி அக்காவை உனக்குத் தெரியாது. நாலாம் லயம், வயது நாற்பதுக்கு மேல், யாரோடும் அதிகம் பேச மாட்டார். கேள்வியை வாசித்துவிட்டு நீ சொன்னபடி பேசாமல் இருந்தேன். அவர் அடுப்பை ஊதினார். அரிசி கழுவினார். பிறகு என்னைப் பார்க்காமல், "பதினெட்டு வருசமாச்சு. இப்பயும் தராசுல கொழுந்த வைக்கிறப்போ அந்த ஆளு கையத்தான் பாக்குறேன்" என்றார். எங்கே, எப்படி என்று எல்லாம் சொன்னார். நான் தலையாட்டவில்லை. எழுதிக்கொண்டே இருந்தேன். முடிந்ததும், "எழுதிட்டியா? சரியா எழுதிட்டியா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

ஏழு பேரும் சொன்னது ஒரே ஆளை. நிறுக்கிற கணக்கப்பிள்ளையை. கொழுந்து பறிக்க எந்த மலைக்கு யார் போவது என்று காலைப் பிரட்டில் பிரிப்பதும் அந்த ஆள்தான். என் அம்மா இன்னும் அவர் கீழேதான் வேலை செய்கிறார்.

எனக்குப் பயமாக இருக்கிறது, றுகையா. "பெயர் எழுதப்படாது" என்று நான் வாசிக்கிறேன். ஆனால் அதே பக்கத்தில் லயம் 4, காம்பரா 6 என்று எழுதுகிறேன். இங்கே அது பெயரை விடப் பெரிது. நாலாம் லயத்து ஆறாம் காம்பராவில் யார் இருக்கிறார் என்று பிள்ளை மடுவத்தில் விட்டுப் போகிற கைக்குழந்தைக்கும் தெரியும். அந்தப் பக்கத்தைத் தனியாக வைக்க முடியாதா? பையை அரிசி வாளிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். வாசலில் யாராவது செருப்பைக் கழற்றினால் வாளியை இழுத்து மறைக்கிறேன். இவற்றைப் பஸ்ஸில் போடவும் மனம் துணியவில்லை. கடிதத்தை மட்டும் அனுப்புகிறேன்.

பெருநாளைக்கு வீட்டுக்கு வருவாய்தானே. ஒரு நடை இங்கே வந்து போ.

தர்மிளா

◦

கொழும்பு
19.6.2024

அன்பின் தர்மிளா,

கோபிக்காதே. பெருநாளுக்கு இரண்டு நாள்தான் லீவு. வீடு நிறைய ஆட்கள். பலாங்கொடை வரை வந்தும் உன்னைப் பார்க்க ஏறி வரவில்லை. றம்ஸான் நானாவிடம் வட்டிலப்பம் கொடுத்தனுப்பினேன், கிடைத்ததா?

நீ பயப்படும்படி ஒன்றும் இல்லை. படிவங்கள் இங்கே வந்ததும் பூட்டிய அலுமாரிக்குள் போய்விடும். எண்களைத் தனித் தாளில் எழுதுவது நல்ல யோசனை, அடுத்த ஆய்வில் அப்படியே செய்வோம். இப்போது பாதியில் மாற்றினால் முந்தியவற்றோடு ஒப்பிட முடியாது. ஏழு பேர் என்பது பெரிய விஷயம், தர்மிளா. இவ்வளவு தெளிவான பதில் வேறெந்தத் தோட்டத்திலிருந்தும் வரவில்லை. மிச்சம் பதினெட்டுக் காம்பராவையும் முடித்துவிடு.

அன்புடன்,
றுகையா

◦

மேல்கந்தை
24.6.2024

றுகையாவுக்கு,

வட்டிலப்பம் வந்தது. நான் தொடவில்லை.

நேற்றுப் பின்னேரம் கணக்கப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தார். இருபத்தைந்து வருடத்தில் ஒரு தடவையும் வராதவர். படியில் உட்கார்ந்து அம்மாவிடம் தேத்தண்ணி கேட்டார். கோபமாக ஒரு வார்த்தையும் பேசவில்லை. "நல்ல வேலை கெடைச்சிருக்கு தர்மிளா. நல்லா செய்யி" என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார்.

நாற்பது காம்பரா எண்களும் இருந்தன, றுகையா. நீ எனக்குத் தந்த அதே பட்டியல், அதே வரிசை. அதன் பின்னால் உன் புதிய கேள்விகள். இருபத்தேழுக்குக் கீழே சிவப்புப் பேனையால் கோடு இழுத்திருந்தார்.

"மடுவத்தைப் பத்திக் கேக்குறீங்களாமே. மடுவத்துல நான்தானே நிக்கிறேன். யாரு என்ன சொன்னாங்கன்னு எனக்கும் தெரியணும்ல. வெள்ளிக்கெழம பெரட்டுக்கு அந்தத் தாளெல்லாம் கொண்டா. சின்ன தொரயும் பாக்கணுமாம்."

இன்று காலை அம்மாவுக்கு ஏழாம் நம்பர் மலை கொடுத்திருக்கிறார்கள். செங்குத்து மலை. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அம்மா காலுக்குத் துணி சுற்றிக்கொண்டு போனார். தண்ணீர்ப் பைப்படியில் பெண்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறார்கள்.

அந்தப் பட்டியல் அவர் கைக்கு எப்படிப் போனது? வேறு ஒன்றும் எழுத வேண்டாம். இதற்கு மட்டும் பதில் எழுது. வெள்ளிக்கிழமைக்கு முன்பு எழுது.

தர்மிளா

◦

கொழும்பு
27.6.2024

அன்பின் தர்மிளா,

நான்தான் அனுப்பினேன்.

தோட்டத்துக்குள் ஆய்வு செய்ய நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். எந்தக் காம்பராக்கள் என்று கேட்டார்கள், பட்டியலை அனுமதிக் கடிதத்தோடு இணைத்தேன். கேள்விகளை மாற்றியபோது, மாற்றியதையும் அனுப்ப வேண்டும் என்பது விதி. அதையும் அனுப்பினேன். அந்தத் தாள் தோட்ட ஆபீஸிலிருந்து யார் கைக்குப் போகும் என்று நான் யோசிக்கவே இல்லை. போன கடிதத்தில் பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதினேனே, அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

படிவங்களை எவரிடமும் கொடுக்காதே. இது கிடைத்ததும் முதல் பஸ்ஸில் எல்லாவற்றையும் நானாவுக்கு அனுப்பிவிடு. பேராசிரியர் உங்கள் தோட்ட மேனேஜர் பெரிய தொரைக்குக் கடிதம் எழுதுகிறார். ஒவ்வொரு நாளும் உன் எண்ணுக்கு அழைக்கிறேன், போகவில்லை. என்னை மன்னித்துக்கொள்.

றுகையா

◦

மேல்கந்தை
1.7.2024

றுகையாவுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமைதான் வந்தது. பிரட்டு வெள்ளிக்கிழமை.

வியாழக்கிழமை அம்மா மலைக்குப் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, கையிலிருந்த பன்னிரண்டு படிவங்களிலும் முதல் பக்கத்தைக் கிழித்தேன். லயம், காம்பரா எல்லாம் அதில்தானே. அடுப்பில் போட்டேன். ஈரத் தாள், எரியாமல் புகைந்தது. ஊதி ஊதி எரித்தேன்.

மிச்சத்தைப் பிரட்டுக்குக் கொண்டுபோனேன். கொண்டுபோகாவிட்டால் வீட்டுக்கே வந்து எடுப்பார்கள். கணக்கப்பிள்ளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஏழு "ஆம்" இருந்தது. தன் பெயரையும் வாசித்தார்.

"எது யாரோடது?"

"தெரியாதுங்க."

"ஒனக்குத் தெரியாதா?"

"ஞாபகம் இல்லைங்க."

சின்ன தொரை ஒரு படிவத்தை வாங்கி வாசித்தார். மருதாயி அக்காவுடையது. எனக்கு மட்டும் தெரியும். முழுவதும் வாசித்துவிட்டு, கணக்கப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல், "குடுத்துருங்க" என்றார். அவ்வளவுதான். தப்பித்தோம் என்று நினைத்தேன். ஏழு பேரிடமும் தனித்தனியாகப் போய், "யாருன்னு இனி யாராலயும் கண்டுபிடிக்க முடியாது" என்று சொன்னேன். ஆறு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

மருதாயி அக்கா பிடிக்கவில்லை. "ஏன் கிழிச்ச?" என்று கேட்டார்.

"உங்களுக்காகத்தான் அக்கா."

"பதினெட்டு வருசத்துல ஒரே ஒருத்திகிட்டச் சொன்னேன். அதையும் யாரோ ஒருத்தி சொன்னதா ஆக்கிட்டியே. என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?"

"பேரு போட்டா ஒங்கள சும்மா விடுவாங்களா அக்கா?" என்றேன்.

"பயமில்லன்னு யாரு சொன்னா? இருந்தாலும் எழுது. மேல என் பேர எழுது."

புதுப் படிவம் ஒன்றில் எல்லாவற்றையும் மறுபடி எழுதினேன். மேலே மருதாயி என்று எழுதினேன். கீழே அவரே கையெழுத்துப் போட்டார்.

மற்றப் படிவங்களை இந்தப் பையில் வைத்திருக்கிறேன், அதை வைக்கவில்லை. பஸ்ஸில் அனுப்ப மாட்டேன், உன் அலுமாரிக்கும் அனுப்ப மாட்டேன். யூனியனுக்குப் போவதா, லேபர் ஆபீஸுக்குப் போவதா, எங்களுக்குத் தெரியாது. அது தெரிந்தவள் நீ. நீயே வந்து அவருக்கு எதிரில் உட்கார். வராவிட்டால் இனி எனக்கு எழுதவும் வேண்டாம்.

தர்மிளா

◦

கொழும்பு
4.7.2024

தர்மிளா,

உன் கடிதத்தைப் பேராசிரியரிடம் காட்டவில்லை. முதல் பக்கம் இல்லாத படிவங்கள் செல்லாது என்று நேற்றுச் சொன்னார்கள். செல்லாமல் போகட்டும்.

ஆறு வருடமாகக் கேள்வி எழுதுகிறேன். ஒன்றையாவது ஒருவர் முகத்தைப் பார்த்துக் கேட்டதில்லை. உன் கடிதத்தை வாசித்த பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகால் பஸ்ஸில் வருகிறேன். பெண்கள் உரிமைக்காக வழக்காடும் சட்டத்தரணி ஒருவரும் கூட வருகிறார். தமிழ் தெரிந்தவர். மருதாயி அக்கா சம்மதித்தால் மட்டும் அவர் பேசுவார். அதற்கு மேல் உறுதி எதுவும் தர மாட்டேன், முந்திய உறுதிமொழிக்கு என்ன ஆனதென்று இருவருக்கும் தெரியும்.

நீ சந்திக்கு வந்து நிற்க வேண்டாம். என்னோடு உன்னைக் கண்டால் அம்மாவுக்கு இன்னும் கஷ்டம். நாலாம் லயத்துக்கு வழி கேட்டு நானே ஏறி வருவேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. வழியில் கணக்கப்பிள்ளையே நின்று யாரென்று கேட்டாலும், என் பெயரையும் நான் பார்க்கப் போகிறவரின் பெயரையும் சொல்லலாமா என்று மருதாயி அக்காவிடம் கேட்டு, பதிலை நானா கடைக்குச் சொல்லி அனுப்பு. அவர் சம்மதித்தால் சொல்வேன். இல்லாவிட்டால் என் பெயரை மட்டும் சொல்வேன்.

றுகையா