ஆட்டு ரோமப் பை

ஆம்பூர்,
அக்டோபர் 1928

கர்த்தருக்குள் பிரியமான என் வீட்டுக்காரருக்கு அமிர்தவள்ளி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

ஊர்ப் பேச்சு கப்பலேறி ரங்கூன் வருமுன் நானே சொல்லிவிடுகிறேன். நீங்கள் அங்கே இருக்க, நேற்றுக் கோயிலில் எனக்கு வயிறு தெரிந்துவிட்டது. பதறாமல் மேலே படியுங்கள்.

வேலூர் மிஷன் ஆஸ்பத்திரியில் புற்றுக்கட்டி என்று இடது மார்பை எடுத்ததிலிருந்து ரவிக்கை ஒரு பக்கம் வெறுந்துருத்தி மாதிரித் தொங்கியது. பக்கத்து வீட்டு சுகரா பேகம்தான் யோசனை சொன்னாள். இலவம்பஞ்சு கனம் கம்மி தோஸ்த், எங்க தோல் ஷெட்டு ரோமத்தை வை, ஜம்முனு உட்காரும் என்றாள். சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலிலிருந்து வழித்த ஆட்டு ரோமம். அலசிக் காயவைத்து, ரவிக்கைக்குள் வைக்கச் சின்னப் பையாகத் தைத்தோம். இரண்டு பேரும் முகர்ந்து பார்த்தோம், ஒரு வாடையும் இல்லை. தோல் ஷெட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிற மூக்குகளை நம்பினது என் புத்தி.

பிரசங்கத்துக்கு வந்த போதகர் வெளியூர்க்காரர். நல்ல புழுக்கம். பாதியில் நிறுத்தி, எலி ஏதோ செத்துக் கிடக்கிறது, பாயைத் தூக்கிப் பாருங்கள் என்றார். என்னைப்போல் சுறுசுறுப்பாகத் தேடினவர்கள் யாருமில்லை. மரியம்மாளின் பாயைச் சந்தேகமாகவே உதறினேன். குனிந்ததில் பை நழுவி வயிற்றில் வந்து நின்றது. மரியம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்து, இன்னாடி அமிர்தம், உங்க வீட்டுக்காரர் ரங்கூன்லதானே இருக்காரு என்று கேட்டாள். பெண்கள் பக்கம் முழுக்கத் திரும்பிச் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அப்புறம் வெளியே வந்து, பாட்டெல்லாம் முடிகிறவரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.

மற்றபடி சுகம். டாக்டரம்மா சொன்னபடி இடது கை விரல்களைத் தினமும் சுவரில் பல்லி மாதிரி ஏற்றுகிறேன். முதலில் தோள்மட்டம்கூட எட்டவில்லை. இப்போது உங்கள் போட்டோ மாட்டின ஆணிவரை போகிறது. கொண்டையை நானே போட்டுக்கொள்கிறேன். கட்டி திரும்பி வருமா என்று கேட்டேன். வரலாம், வராமலும் போகலாம், அதற்காகச் சும்மா உட்கார்ந்திராதே என்றார்கள். அதனால் குழம்பில் காரத்தைக் குறைக்கவில்லை.

தனியாக இருக்கிறேனே என்று கவலை வேண்டாம். நோய் விசாரிக்க வருகிறவர்களால் வாசலில் செருப்பு விட இடமில்லை. எனக்கு வாய்தான் வலிக்கிறது.

உங்கள் கார்டு வந்தது. கூரை ஒழுகுகிறதா, எருமை ஈன்றதா என்று கேட்டிருந்தீர்கள். ஒழுகவில்லை. கிடேரிக் கன்று. என்னைப் பற்றிக் கேட்க இடம் போதவில்லைபோல, கார்டு சின்னதுதானே. கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைப்பது சந்தேகம் என்றும் எழுதியிருந்தீர்கள். போன வருஷம் உங்கள் மரக்கிடங்கு முதலாளி கேட்காமலே கொடுத்தார். என்னை எப்படிப் பார்ப்பது என்று உங்களுக்கு யோசனையாக இருந்தால், எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. முதல் நாள் விளக்கு ஏற்றாமலே பேசிக்கொண்டிருக்கலாம். வந்துவிடுங்கள்.

கர்த்தர் உங்களைப் பத்திரமாய்க் கரைசேர்ப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் அமிர்தவள்ளி

பி.கு.: இதைத் திங்கட்கிழமையே எழுதி முடித்தேன். யாராவது வந்தால் தபாலில் போடச் சொல்லிக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன். இன்று சனி. நானே கொண்டுபோய்ப் போடுகிறேன்.