கெம்பபாசி அக்காவுக்குப் படித்துச் சொல்லவும்

மபராரா பக்கம், உகாண்டா
12.06.2024

அன்புள்ள ஷகீலா,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் சிம்ராவும் நலமாயிருக்க துஆ செய்கிறேன். பத்து முறை கூப்பிட்டேன். பத்து முறையும் கட் செய்தாய். அதனால்தான் டூர் கைடு ரெஹானிடம் இந்தக் கடிதம். குரூப்போடு அவன் சென்னை வருகிறான். நான் வரவில்லை.

மலேரியா. மாத்திரையை ஒழுங்காகப் போடாதது என் தப்பு. மஞ்சள் காமாலையும் சேர்ந்துகொண்டது. மூன்று வாரத்துக்கு விமானம் ஏறக்கூடாது என்கிறார் டாக்டர். நம் மகளிடம் சாதாரணக் காய்ச்சல் என்று சொல்.

"பாய், டவுன்ல ரூம் பாத்துகினு கீறேன்," என்றான் ரெஹான். இந்த வீட்டு கெம்பபாசி அக்கா விடவில்லை. "அங்கே இவரை யார் பார்ப்பார்கள்? இங்கேயே இருக்கட்டும்" என்றுவிட்டார்.

மாடு வளர்க்கும் குடும்பம். நம் குரூப் மாதிரி வருகிறவர்கள் இரண்டு நாள் தங்கி, பால் கறந்து பார்த்து, பெரிய கொம்பு மாடுகளோடு போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். சாயங்காலம் மாடுகள் திரும்பும்போது அக்கா ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிப் புகழ்ந்து பாடுவார். டூரிஸ்டுக்குப் போடும் வேஷம் என்று நினைத்தேன். குரூப் காட்டைச் சுற்றப் போயிருந்த மூன்று நாளும், பார்க்க ஆளே இல்லாதபோதும், அப்படியேதான் பாடினார். பிறகு புகை வாசனையடிக்கும் மரக்குடுவையில் பால் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

உன் அம்மா மவுத்தான அன்று நான் பாரிஸ் டூரில் நாற்பது பேருக்கு ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். டிக்கெட் கிடைக்கவில்லை என்று உன்னிடம் சொன்னது பொய். டூர் கம்பெனிக்காரர்கள் போகத்தான் சொன்னார்கள். அடுத்த டூருக்கு வேறு சமையல்காரனைப் பிடித்துவிடுவார்களோ என்று பயந்து நான்தான் வரவில்லை. என்னை மன்னித்துவிடு.

உன்
வலியுல்லா

*

மயிலாப்பூர்
19.06.2024

சிம்ராவின் அத்தாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். காய்ச்சல் விட்டதா? கண்ணில் மஞ்சள் குறைந்ததா? முதலில் அதற்குப் பதில் எழுதுங்கள்.

பொய் என்று எனக்கு எட்டு மாதமாகத் தெரியும். ரெஹானின் அம்மா ரூபீனா சொல்லிவிட்டாள். நீங்களே வாய் திறந்து சொல்வீர்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்காகக் கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம்.

அடுத்த குரூப்போடு வருகிற ரெஹானிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்: உங்களுக்கு லுங்கி இரண்டு, சிம்ரா வாங்கிய ஸ்வெட்டர் ஒன்று. அந்த அக்காவுக்கு தி. நகரில் எடுத்த பட்டு. அவர்கள் துணியைத் தோளில் முடிந்து உடுத்துவார்களாமே, அதனால் ஓரம் மட்டும் தைத்திருக்கிறேன். முன்பின் தெரியாதவரைத் தாங்கிக்கொள்கிற மனுஷிக்கு இதெல்லாம் போதாது.

ஷகீலா

*

மபராரா பக்கம்
25.06.2024

அன்புள்ள ஷகீலா,

காய்ச்சல் விட்டது. மஞ்சளும் இறங்கிவிட்டது. அடுத்த குரூப்போடு ஊருக்குப் போகலாம் என்றார் டாக்டர். அல்ஹம்துலில்லாஹ்.

நீ அனுப்பிய பட்டு வந்த அன்றே அதை உடுத்திக்கொண்டுதான் அக்கா மாடுகளுக்கு எதிரே போய் நின்றார். "உன் மனைவி ஏன் போனில் பேசுவதில்லை?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அதோடு அவரும் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. பால் மட்டும் வேளைக்கு வந்தது.

மூன்றாம் நாள் என்னைத் தொழுவத்துக்குக் கூட்டிப்போய், புதிதாகப் பிறந்த செவலைக் கன்றைக் காட்டினார். மாடு கொடுத்தால் இவர்களுக்குச் சொந்தக்காரர்களாகிவிட்டோம் என்று அர்த்தம். நான் கை கூப்பினேன். "உனக்கில்லை, ஷகீலாவுக்கு. இங்கேயே வளரும்," என்றார். நீ அவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டுமாம்.

உன்
வலியுல்லா

*

மயிலாப்பூர்
03.07.2024

மரியாதைக்குரிய கெம்பபாசி அக்காவுக்கு,

எனக்கு உங்கள் பாஷையும் தெரியாது, இங்கிலீஷும் வராது. என் கணவர்தான் இதைப் படித்து, இங்கிலீஷில் உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு வரியைக்கூட விடக்கூடாது என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

என் அம்மாவின் கடைசி நாளில் அவர் என் பக்கத்தில் இல்லை. காய்ச்சலில் அவர் கிடந்தபோது நான் அவர் பக்கத்தில் இல்லை. போனில் அவர் பெயர் வந்த ஒவ்வொரு முறையும் கட் செய்தேன். என்ன ஏதென்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் செய்ய வேண்டியதை நீங்கள் செய்தீர்கள். எனக்காக அவரோடு இரண்டு நாள் பேசாமலும் இருந்தீர்கள். அம்மா போன பிறகு எனக்காக இப்படிக் கோபப்பட யாரும் இல்லை, அக்கா.

கன்று என்னுடையது என்று சிம்ரா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். அவர் அனுப்பிய அதன் போட்டோ என் தையல் மெஷினுக்கு மேலே ஒட்டியிருக்கிறது. ஒருநாள் வந்து பார்ப்பேன், இன்ஷா அல்லாஹ்.

இனி வருவது அவருக்கு மட்டும். மனசுக்குள் படித்துக்கொள்ளட்டும்.

ஏங்க, நீங்கள் இறங்குகிற அன்று ஏர்போர்ட்டுக்கு நான் வருகிறேன்.

அக்காவின் தங்கை
ஷகீலா