ஒரு நகல் அதிகம்

அன்புள்ள நகலுக்கு,

நீ நலம்தானே? இங்கே நானும் அம்மாவும் நலம் என்று எழுதிவிட்டு, இரண்டு தடவை எழுந்து போய் வாசல் கேட்டுக்குத் தாழ்ப்பாள் போட்டேன். அது முதலிலேயே போட்டுத்தான் இருந்தது. பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற இந்த நான்கு மாதமாக இப்படித்தான். இன்று அடுக்கிய அலமாரியை நாளை கலைத்து மறுபடி அடுக்குகிறேன். "ஏண்டி, அந்த அலமாரி உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று அம்மா கட்டிலிலிருந்தே கேட்கிறாள்.

அவளுக்கு முறிந்த இடுப்பு எலும்பு கூடிவிட்டது. நடக்க உதவும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை போகிறாள். பின்னால் ஒருவர் நின்றே ஆக வேண்டும், தனியாக விடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வாய்க்கு மட்டும் எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை.

போன வாரம் எலக்ட்ரீஷியன் வந்தார். நம் வீட்டில் மிக்ஸி மக்கர் செய்தால் வீடு முழுவதும் இருண்டுவிடுமே, நினைவிருக்கிறதா? இப்போது அறைக்கு அறை தனி இணைப்பு கொடுத்துவிட்டார். "இனிமே ஒரு ரூம்ல என்ன கூத்து நடந்தாலும் பக்கத்து ரூமுக்குத் தெரியாது டீச்சர்" என்றார். இத்தனை வருடம் வகுப்பில் நான் தேடிக்கொண்டிருந்த உதாரணம் இதுதான். உயிர்கள் மாற முடிவதற்கு இது ஒரு காரணம். விரல் கொஞ்சம் நீண்டால் அதற்காக இதயம் நின்றுவிடுவதில்லை. ஒவ்வொரு பகுதியும் ஓரளவு தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்வதால், ஒன்றை மாற்றிப் பார்க்க முடிகிறது. எல்லாம் ஒரே கம்பியில் தொங்கினால் எதையும் தொட முடியாது. ஓய்வு பெற்ற பிறகு நல்ல உதாரணம் கிடைப்பது என் ராசி.

மறுநாள் அம்மாவுக்கு மாத்திரை வாங்கப் போனேன். மருந்துக் கடையை இப்போது நடத்துகிறவள் என் பழைய மாணவி. சில்லறையைக் கொடுத்தபடியே, "டீச்சர், அந்த ரெண்டு மார்க்க இப்பவாவது போடுங்க" என்றாள். உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக மாற முடிவது எதனால் என்று ஒரு பரீட்சையில் கேட்டிருந்தேனாம். அவள் ஒரே சொல்லில் "பிழைப்பதால்" என்று எழுதினாளாம். உயிர் வாழ்வதால் என்று எழுதித் தப்பிக்கப் பார்க்கிறாள் என நினைத்து நான் முட்டை போட்டிருக்கிறேன். அவள் நினைத்தது தவறு செய்வதை. நகலெடுக்கும்போது உயிர் சிறு பிழை விடுகிறது, அதனால் மாறுகிறது என்று. வீடு வந்து சேரும்வரை அந்தச் சொல் என்னை விடவில்லை. இரண்டு பொருளிலும் அவள் எழுதியது சரி. பிழையே விடாத உயிருக்குப் புதிதாக எதுவும் வராது. பிழை மிஞ்சினால் ஆளே இருக்காது. அளவாகப் பிழைத்ததுதான் பிழைத்தது.

சுற்றி வளைக்கிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். விஷயத்துக்கு வருகிறேன்.

பிழை விடவும் ஒரு வசதி வேண்டும். சில சமயம் நகலெடுக்கும்போது ஒரு மரபணு தவறிப்போய் இரண்டாக வந்துவிடும். ஒன்று பழைய வேலையை விடாமல் பார்த்துக்கொள்ளும். அந்தத் தைரியத்தில் மற்றது மாறிப் பார்க்கலாம். கண் மருத்துவமனையிலேயே காலம் தள்ளியவள் நீ. சிவப்பையும் பச்சையையும் நாம் பிரித்துப் பார்ப்பது அப்படி வந்த ஒரு கூடுதல் நகலால்தான் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரட்டையராய்ப் பிறந்த நமக்கு அசல், நகல் என்று அப்பா பெயர் வைத்தது பத்து நிமிட வித்தியாசத்துக்காக. கல்லூரிக்கு என் விண்ணப்பத்தைப் பார்த்து உன்னுடையதை நிரப்பியதும் அவர்தான். பாடப்பிரிவு எண்ணில் 3 என்பது அவர் கையில் 8 ஆகிவிட்டது. நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். நீ எங்கோ தூரத்தில் கண் பரிசோதனை படிக்கப் போனாய். அப்பா ஒரு வாரம் தலையில் அடித்துக்கொண்டார். நீ ரயிலேறும்போது சிரித்துக்கொண்டிருந்தாய். அன்று எனக்கு வந்தது பொறாமை என்று இப்போதுதான் எழுதுகிறேன்.

உதாரணம் கொஞ்சம் நொண்டுகிறது, தெரியும். மரபணு எதையும் விரும்பித் தாங்குவதில்லை. இந்த வீட்டில் அசலாக நான் விரும்பித்தான் இருந்தேன், பெரும்பாலான நாட்களில். ஆனால் உன் போன கடிதத்தில், "நீ அங்க இருக்கேங்கிற தைரியத்துலதான் நான் இங்க இருக்கேன்" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்றுதான் அலமாரியை முதல் தடவை கலைத்தேன்.

எனக்கு ஒரு வேலை வந்திருக்கிறது. இங்கிருந்து ஒன்றரை நாள் பயணத்தில் ஒரு ஏரி. அதன் நடுவே உள்ள தீவில் நத்தைகளின் ஓடுகளை அளந்து, தலைமுறைக்குத் தலைமுறை என்ன மாறுகிறது என்று பதிவு செய்ய வேண்டும். ஒரு வருடம். என் வயதைச் சொன்னேன்; நத்தை ஓடப்போவதில்லை, பரவாயில்லை என்றார்கள். இருபத்தைந்தாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். முப்பத்தாறு வருடம் கரும்பலகையில் வரைந்ததை ஒரு தடவையாவது கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. போனில் பேசியதைக் கேட்டுவிட்டாள். "நீ போனா நான் செத்துருவேன்னு பாக்குறியா? உன் சமையலச் சாப்பிட்டே பிழைச்சவ நான்" என்றாள். அதன் பிறகு அவளாகச் சட்டத்தைப் பிடித்து எழுந்து நின்று காட்டினாள். நான் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

உனக்கும் இந்த மாதத்தோடு வேலை முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாய். நான்கு தடவை எழுதிக் கிழித்த பதில் இது. பத்து நிமிடம் மூத்தவள் என்ற உரிமையில் கேட்கிறேன். ஒரு வருடம் வந்து அம்மாவுக்குப் பின்னால் நில். காலையில் அவளுக்கு வெந்நீர், சாப்பாட்டில் உப்பு குறைவு, திட்டுவதை மட்டும் குறைக்க முடியாது. வர முடியாது என்றாலும் எழுது. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், அலமாரிதான் பாவம். நீ எங்கே இருந்தாலும் உன் கண்ணும் கையும் நன்றாக இருக்க வேண்டும்.

இருபத்தைந்துக்குள் உன் பதில் வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வருடத்துக்கு மட்டும்,
நகல்