வைரக்கண்ணுவின் ரத்தத்தை மறுபடியும் எடுக்கக் கோரி

அனுப்புநர்:
வை. அகிலாண்டம்,
மீன் வியாபாரம்,
வடக்கு மீனவர் தெரு,
நாகூர்.

பெறுநர்:
முதல்வர் அவர்கள்,
பொன்னிநாடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை,
தஞ்சாவூர்.

பொருள்: அமினோ அமில ஆய்விலிருந்து என் கணவர் வைரக்கண்ணுவை நீக்கியதையும், ‘பொய்த் தகவல் தந்தவர்’ எனப் பதிந்ததையும் திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற ஐப்பசியில் என் கணவர் ரத்தத்தில் கிருமி பரவி, தங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கை சுவாசத்தில் கிடந்தார். சொந்தக்காரர்கள் பிழைக்கமாட்டார் என்று அழுதுவிட்டே போனார்கள். இன்று அவர் வலை இழுக்கிறார். தங்கள் மருத்துவர்களை நான் கும்பிடாத நாளில்லை. அந்த நன்றியை மறந்து இதை எழுதவில்லை.

2. அப்போது டாக்டர் பிரதீபா அவர்கள் என்னை உட்காரவைத்து விளக்கினார். நாம் உண்ணும் புரதம் உடைந்து அமினோ அமிலமாக ரத்தத்தில் கலக்கிறதாம். உயிருக்குப் போராடுகிறவர்களிடம் அதன் அளவைப் பார்த்துவந்தால், யார் தேறுவார், யாருக்குக் கூடுதல் கவனம் வேண்டும் என்று முன்னதாகவே தெரிய வழி பிறக்கலாம் என்றார். சம்மதக் கையெழுத்துப் போட்டது நான்தான். என் வீட்டுக்காரர் ரத்தம் நாலு உயிருக்கு உதவும் என்று தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

3. தேறிய பிறகு வெறும் வயிற்றில் ஒருமுறை ரத்தம் கொடுக்க வரச் சொன்னார்கள். சென்ற மாதம் கரையேறிய கையோடு பஸ் பிடித்து வந்தார். சாப்பிட்டீர்களா என்று ஊழியர் கேட்டதற்கு, "சோத்துப் பக்கமே போகலங்க" என்றார். அது சத்தியம். ஆனால் படகில் அவித்த சங்கரா மீனை ஒரு வெட்டு வெட்டியிருக்கிறார். எங்கள் கரையில் வெறும் மீனை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. சோறு தொடாதவர் பட்டினி கிடந்தவர்தான்.

4. மீன் தின்றதால் அமினோ அமில அளவு எகிறிவிட்டது. ஆய்வு அலுவலகத்தில் விசாரித்தபோது, மீன் தின்றதை அவரே சொன்னார். பொய்யர் என்றால் ஏன் சொல்கிறார்? அப்படியும் நீக்கினார்கள். அதோடு விடவில்லை. கடலுக்குப் போகிறவர்கள் பேச்சை நம்ப முடியாது, இனி அவர்களைச் சேர்க்க வேண்டாம் என்று குறிப்பும் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் சொல்லை ஒருவர் நம்பித்தான் எங்கள் ஆட்கள் உயிரோடு கரை சேருகிறார்கள். எங்களை ஒதுக்கிவிட்டு நடத்தும் ஆய்வு, நாளை அதே கட்டிலில் கிடக்கப்போகும் எங்கள் பிள்ளைக்கு எப்படிப் பொருந்தும்?

5. ஆகவே அந்தப் பதிவையும் குறிப்பையும் அடித்துவிட்டு, அவர் ரத்தத்தை மறுபடியும் எடுக்க வேண்டுகிறேன். இனி எங்கள் ஆட்களிடம் மீன், முட்டை, டீ என்று பெயர் சொல்லியே கேட்கச் சொல்லுங்கள்.

6. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்கள் ரத்தமும் தேவை, யாரும் முன்வருவதில்லை என்று டாக்டர் அம்மா வருத்தப்பட்டார். பெண்கள் பேசும் வழக்கமில்லாத எங்கள் ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று இதைச் சொன்னேன். ஒருவரும் மறுக்கவில்லை. தாங்கள் குறிக்கும் நாளில் எங்கள் தெருவிலிருந்து ஒரு படகும் கடலில் இறங்காது. ஆண்கள் அத்தனை பேரும் பச்சைத் தண்ணீர் தவிர வேறெதுவும் தொடாமல், சட்டைக் கையை மடித்துக்கொண்டு தங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். தேதி மட்டும் சொல்லுங்கள்.

இடம்: நாகூர்
நாள்: 12.03.2025

பணிவுடன், தலை நிமிர்ந்து,
வை. அகிலாண்டம்