நான்கு விரல் சன்னல்

புதன்கிழமை, காலை பத்து மணி

அன்புள்ள என்னங்கவுக்கு,

கல்யாணமான நாளிலிருந்து உங்களை அப்படித்தான் கூப்பிடுகிறேன். கடிதத்துக்கென்று தனியாக ஒரு பெயரை எங்கே போய்த் தேடுவது? கையில் பட்ட தீப்புண் ஆறியதா, பட்டறையில் புது மேற்பார்வையாளர் எப்படி என்றெல்லாம் கேட்க ஆசைதான். ஆனால் எனக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. பாப்பாவை மனநல ஆலோசகர் உள்ளே அழைத்துப் போயிருக்கிறார். அவள் திரும்பி வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

போனில் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் போன்கள் வார்டு அலுவலகத்து அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன. சாயங்காலம் பதினைந்து நிமிடம் தருகிறார்கள். பதினான்கு நிமிடம் அவள் உங்களிடம் அழுகிறாள். மிச்சமிருக்கும் ஒரு நிமிடத்தில், அவள் பக்கத்திலேயே நின்று முறைத்துக்கொண்டிருக்கும்போது, நான் என்னத்தைச் சொல்ல? "நல்லா இருக்கோம்" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். நாங்கள் நன்றாக இல்லை.

போன வியாழக்கிழமை நீங்கள் என்ன செய்தீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. கோபப்படாமல் படியுங்கள். கோபத்தை நான் எடுத்துக்கொண்டேன், உங்களுக்கு மிச்சமில்லை. "அழாத கண்ணு, அப்பா இருபதாம் தேதி லீவுல வர்றேன், வந்ததும் மொத வேலையா உன்ன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுறேன்" என்று அவளிடம் சொன்னீர்களாமே. அவள் அழுதால் உங்களுக்குக் கை கால் ஓடாது என்று எனக்குத் தெரியாதா? பிறந்த அன்றைக்கு அவள் அழுததற்கே நீங்கள் நர்ஸோடு சண்டைக்குப் போனவர்.

ஆனால் அன்று ராத்திரியிலிருந்து அவள் தட்டு வைத்தது வைத்தபடி திரும்பிப் போகிறது. ஏன் என்று கேட்டால், "அப்பா வர்ற வரைக்கும்தானே, சமாளிச்சுக்குவேன்" என்கிறாள். நேற்றுக் காலை இதயத் துடிப்புப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சேர்த்த நாளில் எப்படி இருந்ததோ அங்கேயே மறுபடி போய்க்கொண்டிருக்கிறது, இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் வைத்துத்தான் உணவு கொடுக்க வேண்டும் என்றார். இந்த நிலையில் வீட்டுக்குக் கூட்டிப் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். பரிசோதனைத் தாளை மடித்து வைத்தார். அப்புறம், "எது வேணா நடக்கலாம்மா, தூக்கத்துல கூட" என்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

நீங்கள் வந்து நின்று, பிள்ளையைச் சிறையில் போட்டிருக்கிறாயே என்று என்னைக் கேட்கக் கூடாது. அதனால் இங்கே எப்படி என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சிறைதான். நான் மறுக்கவில்லை.

சேர்ந்த அன்றைக்கே எங்கள் இரண்டு பைகளையும் மேசையில் கொட்டிச் சோதித்தார்கள். அவளிடமிருந்து முகம் பார்க்கும் கண்ணாடி, பெல்ட், மாத்திரை எல்லாம் போயிற்று. என் பையிலிருந்து கத்தரிக்கோலும் அளவு டேப்பும் போயின. இருபது வருடமாகக் கழுத்தில் தொங்கும் டேப் இல்லாமல் எனக்கு ஏதோ உடுத்த மறந்தது போல இருந்தது. கத்தரிக்கோல் சரி, டேப் என்ன பாவம் செய்தது என்று கேட்டேன். "அதுதான் இங்க ரொம்ப ஆபத்து" என்றார் தலைமை நர்ஸ். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் கடிகாரம். எதற்கெடுத்தாலும் சுவரைப் பார்த்து மணி சொல்லுவார்.

அறையில் இரண்டு கட்டில், ஒரு நாற்காலி, கூர்மூலை இல்லாத மேசை. சன்னல் நான்கு விரல் அளவுதான் திறக்கும். அதற்கு மேல் இழுக்க முடியாதபடி திருகு வைத்திருக்கிறார்கள். அந்த இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு எதிரே இருக்கும் கார் நிறுத்துமிடத்தைப் பார்ப்பதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. எந்தக் கார் எத்தனை மணிக்கு வரும் என்று மனப்பாடம் ஆகிவிட்டது.

காலை ஆறரைக்கு ரத்தம் எடுப்பார்கள், பிறகு எடை. தராசில் திரும்பி நிற்க வேண்டும். எண்ணை அவளுக்கும் சொல்வதில்லை, எனக்கும் சொல்வதில்லை. அது நல்லதுதான், தெரிந்தால் நானே அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவேன். ஒரு நாளைக்கு ஆறு தடவை சாப்பாடு. மூன்று பெரிது, மூன்று சிறிது. முதல் வாரம் கொஞ்சமாகத்தான் கொடுத்தார்கள். காய்ந்த உடம்புக்கு ஒரேயடியாகக் கொட்டினால் அதுவே ஆபத்தாம். வந்த அன்றைக்கே நிறையக் கொடுத்துத் தேற்றிவிடுவார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே எதற்கும் அவசரம் கிடையாது. மூன்று மாதம் என்று சொன்னால் மூன்று மாதம்தான்.

சாப்பாட்டு மேசையில் எட்டுப் பேர். சாப்பாட்டைப் பற்றியோ உடம்பைப் பற்றியோ பேசக்கூடாது. அரை மணிக்குள் முடிக்க வேண்டும். முடித்ததும் ஒரு மணி நேரம் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், கழிவறைக்குப் போக முடியாது. மற்ற நேரங்களில் போனாலும் கதவுக்கு வெளியே ஒரு நர்ஸ் நிற்பார். தாழ்வாரத்தில் சும்மா நடந்தால்கூட, "உக்காரும்மா" என்று கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். பதினேழு வயதுப் பெண்ணுக்கு இது எப்படி இருக்கும் சொல்லுங்கள். அவள் என்னை ஜெயிலர் என்று கூப்பிடுகிறாள். முதல் நாள் விளையாட்டாகச் சொன்னாள் என்று நினைத்தேன்.

கூட இருக்கிறவரும் அதே மேசையில் அதே சாப்பாட்டைச் சாப்பிட்டாக வேண்டும் என்பது இங்கே சட்டம். எனக்கென்ன, ஆக்கிப் போடும் வேலை மிச்சம் என்று சந்தோஷமாகத்தான் உட்கார்ந்தேன். பாதித் தட்டோடு கை நின்றுவிட்டது. உட்கார்ந்து ஒரு முழுத் தட்டு நான் கடைசியாக எப்போது சாப்பிட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. வீட்டில் நீங்களும் அவளும் லீவுக்கு வந்தால் உங்களுக்குப் போட்டுவிட்டு, மிச்சம் இருந்ததைத் தையல் மெஷின் பக்கத்தில் நின்றபடி வாயில் போட்டுக்கொள்வேன். பல நாள் அதுவும் கிடையாது. "இன்னைக்கு டீயோட முடிச்சுட்டேன்" என்று பெருமையாக வேறு சொல்லிக்கொள்வேன். நான் தட்டை நகர்த்தி வைத்ததும் பாப்பா என்னைப் பார்த்துக்கொண்டே தன் தட்டையும் நகர்த்தினாள். கடிகாரம் என் காதருகில் வந்து, "நீங்க வச்சா அவளும் வைப்பா" என்றார். எட்டுப் பேருக்கு முன்னால் எனக்கு அவமானமாகிவிட்டது. அன்றிலிருந்து அழுதுகொண்டாவது முடிக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை உங்களிடம் சொல்லாமல் என்னால் தூங்க முடியவில்லை.

போன வாரக் குடும்பக் கூட்டத்தில் டாக்டர் கேட்டார், ஒரு வருடமாக இப்படிக் குறைந்திருக்கிறாள், உடுப்பெல்லாம் தொளதொளவென்று தொங்கியிருக்குமே, வீட்டில் யாரும் கவனிக்கவில்லையா என்று. பாப்பா சொன்னாள், "எதுவும் தொங்கல டாக்டர். அம்மாதான் பிடிச்சுக் குடுத்தாங்க." ஆமாம். விடுதியிலிருந்து ஒவ்வொரு லீவுக்கும் நான்கைந்து உடுப்பைத் தூக்கிக்கொண்டு வருவாள். லூசாயிருக்கு, பிடித்துக் கொடு என்பாள். நானும் ஊசி குத்தி, கோடு போட்டு, தைத்துக் கொடுத்தேன். ஒரு தடவை இல்லை, நான்கு தடவை. கைக்குள் அளவு குறைவது எனக்குத் தெரியாதா? தெரிந்தது. கடைக்கு வருகிறவர்களிடம், என் பெண் கொடி மாதிரி இருக்கிறாள், எது போட்டாலும் எடுப்பாக நிற்கும் என்று சொல்லிக்கொண்டேன். யாருக்குத் தைத்தாலும் உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத்தான் தைப்பேன், நாளைக்குப் பிரிக்க வேண்டியிருக்கும் என்று. அவளுடையதில் மட்டும் அழகாக உட்காரட்டும் என்று மிச்சத் துணியை வெட்டி எறிந்துவிட்டேன். நான் ஒரு தையற்காரியாக இல்லாமல் இருந்திருந்தால் முதல் லீவிலேயே ஊரே பார்த்திருக்கும். அவளை நான் மூடி மறைத்தேன், என் கையால். நீங்கள் தூரத்தில் இருந்தீர்கள், உங்களுக்குச் சாக்கு உண்டு. எனக்கு இல்லை.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. யாருடைய தப்பு என்று தேடுவதற்கு இந்தக் கூட்டம் இல்லை என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஆனால் ஒரு நாள் நடந்ததை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். நீங்கள் வாக்குக் கொடுத்ததற்கு இரண்டு நாள் முன்பு. சாயங்காலம் நாலு மணி இருக்கும். அவள் வண்ணப் பென்சிலால் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள், நான் சன்னல் இடுக்கில் நின்றேன். பின்னாலிருந்து, "அம்மா, பசிக்குது" என்றாள். ஏதோ திருட்டுக் குற்றத்தை ஒத்துக்கொள்கிற மாதிரி, மெல்ல. ஒரு வருடமாக நான் கேட்காத வார்த்தை. ஓடிப்போய்க் கடிகாரத்திடம் சொன்னேன். அவர் சுவரைப் பார்க்கவே இல்லை. ஒரு வாழைப்பழமும் பாலும் தானே எடுத்து வந்து கொடுத்துவிட்டு, வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்படி என்றால் இவர்கள் செய்வது வேலை செய்கிறது, இல்லையா? இந்தப் பூட்டும் காவலும் அவளுக்குள் ஏதோ ஒன்றைத் திறந்திருக்கிறது, இல்லையா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த உறைக்குள் ஒரு படிவம் இருக்கும். டாக்டரின் பேச்சை மீறி, எங்கள் பொறுப்பில் பிள்ளையைக் கூட்டிப் போகிறோம் என்று எழுதிய படிவம். அப்பா, அம்மா இருவரும் கையெழுத்துப் போட்டால் இவர்களால் தடுக்க முடியாது. கீழே பாருங்கள், என் கையெழுத்து இருக்கும். யாரும் போலியாகப் போடவில்லை, நான்தான் போட்டேன். திங்கட்கிழமை அவள் தரையில் படுத்து என் இரண்டு காலையும் கட்டிக்கொண்டாள். "நீ என்னப் பெத்தியா, இல்ல பொம்மையா தைச்சியா" என்று கேட்டாள். என் உயிரே போய்விட்டது. எனக்கும் இங்கிருந்து ஓட வேண்டும் போலத்தான் இருந்தது. இருபத்து மூன்று நாளாக நானும் வெளிக்காற்று வாங்கவில்லை. போட்டுவிட்டேன். மறுநாள் டாக்டர் அப்படிப் பேசிய பிறகு, படிவம் வந்தாலும் என் கையெழுத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று சொல்ல அவர் அறைக் கதவு வரை இரண்டு தடவை போனேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தாள். திரும்பிவிட்டேன்.

படிவத்தின் பின்பக்கம் அவள் உங்களுக்கு எழுதியிருக்கிறாள். மறைக்க எனக்கு உரிமை இல்லை, நீங்களே படியுங்கள். "அப்பா, அம்மா போட்டுட்டாங்க. நீங்களும் போட்டு அனுப்பினா நீங்க வர்ற வரைக்கும்கூட நான் இருக்க வேண்டாம். வீட்டுல நான் சாப்பிடுவேன், உங்க மேல சத்தியம். இங்க எனக்கு மூச்சு முட்டுது" என்று. அவள் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்புகிறாள். அவள் சத்தியம் செய்யும்போது அவள் முகத்தைப் பார்த்தால் நானும் நம்பிவிடுகிறேன். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீங்கள் போடாதீர்கள்.

நீங்களே போனில் அவளிடம் சொல்லுங்கள், போட மாட்டேன் என்று. கத்துவாள். நம் இருவரையும் வெறுப்பேன் என்பாள், போனை வைத்துவிடுவாள், கூப்பிட்டால் எடுக்க மாட்டாள். நீங்கள் தாங்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். தாங்குங்கள். நான் தோற்றுவிட்டேன், நீங்களாவது தாங்குங்கள். இருபதாம் தேதி வாருங்கள். லீவு முழுக்க இங்கே வந்து இந்த மேசையில் எங்களோடு உட்காருங்கள். நம்மோடு பேசாத பெண்ணாகவே அவள் இருக்கட்டும். இருந்தால் போதும்.

தாழ்வாரத்தில் அவள் செருப்புச் சத்தம் கேட்கிறது. இந்தக் கடிதத்தை முதலில் உறைக்குள் போட்டுவிட்டு, படிவத்தை அவள் கண்ணெதிரே வைத்து ஒட்ட வேண்டும், அப்போதுதான் நம்புவாள். என் தம்பி ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரும்போது அவன் கையில் கொடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன்.

எங்கே இருந்தாலும் கடவுள் உங்களைக் காப்பாற்றட்டும். உங்கள் கையையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போட்டுவிட்ட
பாப்பாவின் அம்மா