இடது கை இன்னைக்கு மஞ்சள்

வடமதுரை வண்டி ஓட்டின என் அப்பாவுக்கு,

எப்படி இருக்கீங்கன்னு கேட்க மாட்டேன். கேட்டா "நல்லாருக்கேன் ஆத்தா"ன்னுதான் சொல்லுவீங்க. வாதம் வந்து இடது கை துவண்டு தொங்கினப்பவும், ஆரஞ்சும் ரொட்டியுமா பார்க்க வந்த அத்தனை பேர்கிட்டயும் அதையேதான் சொன்னீங்க. கியர் போட்ட கைப்பா அது. அது போனதோட உங்க டிரைவர் வேலையும் போச்சு. ஆனா வாயைத் திறந்தா நல்லாருக்கேன். எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

அந்த வருசம்தான் நம்ம நாகல் நகர் வீட்டுக்கு இன்டர்நெட் வந்துச்சு, ஞாபகம் இருக்கா? நான் காலேஜ் கடைசி வருசம். சாயங்காலம் நான் ஆன்லைன்ல வாள் சண்டை கேம் ஆடுவேன். நீங்க பக்கத்துச் சேர்ல உட்கார்ந்து, எதிர்ல லாரி வர்ற மாதிரி ஸ்கிரீனையே முறைச்சுப் பார்ப்பீங்க. ஒரு நாள் கேட்டீங்க: "ஏன்த்தா, இவனுக்கு உசுரு முக்காவாசி மிச்சம் இருக்குன்னு காட்டுதே, பெறகு எதுக்கு நொண்டுறான்?"

நல்ல கேள்வி அது. மத்த கேமுல உசுருன்னா ஒரே ஒரு கோடு. அடி விழ விழக் குறையும், ஆனா கடைசித் துளி இருக்கிற வரைக்கும் ஆள் ஒண்ணும் நடக்காத மாதிரி ஓடுவான். இதுல உசுரு தனி, காயம் தனி. ஸ்கிரீன் ஓரத்துல ஒரு சின்ன மனுச உருவம் நிக்கும். அடி எங்க விழுந்துச்சோ அந்த இடம் மட்டும் நிறம் மாறும். பச்சைன்னா சொகம். மஞ்சள்னா வலி, ஆனா மெதுவா வேலை செய்யும். சிவப்புன்னா அந்த உறுப்பை நம்ப முடியாது. கால் சிவந்தா ஓட்டம் போச்சு, கை சிவந்தா வாள் நழுவிரும். கவசம் போட்ட இடமா இருந்தா சிவக்க வேண்டியது மஞ்சளோட நிக்கும். கட்டுப் போட்டா ரத்தம் நிக்குமே தவிர காயம் ஆறாது. அதுக்கு உட்கார்ந்து ஓய்வு எடுக்கணும். ஆறுறதுக்குள்ள அதே இடத்துல இன்னொரு அடி விழுந்தா முன்னைக்கு இப்ப மோசம்.

 நான் சொல்லி முடிச்சதும் மடியில கிடந்த உங்க இடது கையைப் பார்த்து, "அப்ப இது செவப்பு"ன்னீங்க. வண்டியில டீசல் இல்லைன்னு சொல்ற மாதிரி அம்புட்டு சாதாரணமா. நோவு வந்ததுலருந்து உங்க வாயில வந்த முதல் உண்மை அதுதான்.

அதுக்குப் பிறகு ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே ஆளை வச்சு ஆடினோம். மவுஸ் உங்க வலது கையில, கீபோர்டு எங்கிட்ட. அந்தக் கேமுல ஒரு விசயம் உண்டு. நம்ம காயம் கூட ஆடுற கூட்டாளிங்களுக்குத் தானாத் தெரியாது. ஸ்பேஸ் பாரை அமுக்கினாத்தான் நம்ம உருவம் அவங்க ஸ்கிரீன்ல வரும். கையில பட்ட காயத்துக்கு நாமளே கட்டுப் போட்டுக்கவும் முடியாது, வேற ஆள்தான் போடணும். நான் அமுக்கப் போனா நீங்க விட மாட்டீங்க.

"வேணாத்தா, அந்தப் பயலுக அவங்க சண்டையப் பார்க்கட்டும்."

"காட்டாம எப்படிப்பா கட்டுவாங்க?"

"சமாளிச்சுக்கலாம்."

எங்க சமாளிச்சோம்? தினமும் செத்தோம். கடைசியா ஒரு சாயங்காலம், நம்ம ஆளோட கை சிவந்தப்ப நான் ஸ்பேஸ் பார் பக்கமே போகல. நீங்க தோளை அசைச்சு, இடது கையை மேசை மேல இழுத்து, உள்ளங்கையால ஸ்பேஸ் பாரை அமுக்கினீங்க. எங்கேயோ இருக்கிற ஒருத்தன், முகமே தெரியாதவன், சண்டையை விட்டுட்டு ஓடி வந்து நம்ம ஆளுக்குக் கட்டுப் போட்டான். "யாரு பெத்த புள்ளையோ"ன்னு சொல்லி நீங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டீங்க. டாக்டர் சொன்ன பயிற்சிக்கெல்லாம் மசியாத கை, அன்னையிலருந்து ஸ்பேஸ் பாருக்கு மட்டும் எந்திரிச்சு வந்துச்சு.

பிறகு காலையில காபி குடிக்கிறப்பவே நமக்குள்ள ரிப்போர்ட் வந்துரும். "இடது கை இன்னைக்கு மஞ்சள்." அம்மா அடுப்படியிலருந்து, "கிறுக்குப் பிடிச்ச அப்பனும் மகளும்"னு திட்டும்.

கோயம்புத்தூர்ல எனக்கு வேலை கிடைச்சுக் கிளம்பினப்ப, பஸ் ஸ்டாண்டுல ஜன்னலோரம் நின்னு, "எல்லாம் பச்சைத்தா, போயிட்டு வா"ன்னீங்க. அந்த வருசமே எங்களை விட்டுப் போயிட்டீங்க. பச்சைன்னு சொன்ன மனுசன் எப்படிப்பா போவீங்க? எனக்கு உங்க மேல அம்புட்டுக் கோவம். வலியை யார்கிட்டயும் சொல்லாமத் தனியாப் போயிட்டீங்களேன்னு நினைச்சு நினைச்சு மாஞ்சு போனேன்.

இப்ப ஒரு சேதி. பயந்துராதீங்க. அம்மா குளியலறையில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சிருச்சு. ஆபரேசன் பண்ணித் தகடு வச்சாங்க. சீக்கிரம் நடக்கணும், இல்லாட்டி கிடந்த கிடைதான்னு டாக்டர் சொல்லிட்டார். நான் லீவு போட்டு வந்து பார்த்தா, அம்மா காலை ஊன மாட்டேங்குது. எங்க வலிக்குதுன்னு யார் கேட்டாலும் "நல்லாருக்கேன்"தான். உங்க பொண்டாட்டியாச்சே! இடுப்பு ஆறிருச்சே, ஏன் நடக்கலைன்னு டாக்டரே முழிச்சார்.

எனக்குப் பொறுமை போயிருச்சு. "எம்மா, எங்க, என்ன கலரு? அதை மட்டும் சொல்லு"ன்னு கத்திட்டேன்.

அம்மா சுவத்தைப் பார்த்துச்சு. "இடுப்பு மஞ்சதான்டி. அது தாங்கும். முழங்கால்தான் செவப்பு."

முழங்காலை அதுவரைக்கும் யாருமே பார்க்கலப்பா. விழுந்ததுல அதுலயும் அடி, உள்ளுக்குள்ள வீங்கிக் கிடந்திருக்கு. அதுக்கு வைத்தியம் பார்த்தாங்க. இப்ப அம்மா வாக்கர் பிடிச்சு வாசல் வரைக்கும் நடக்குது.

"கலரு கணக்கெல்லாம் உனக்கு எப்படிம்மா தெரியும்?"னு கேட்டேன்.

"ஏன், நான் காதுல பஞ்சா வச்சிருந்தேன்? நீ போன பெறகு அவரு எங்கிட்டதான தினம் சொல்லுவாரு."

"பஸ் ஸ்டாண்டுல பச்சைன்னாரே?"

"பொய்யிடி. நீ பஸ்ஸ விட்டு எறங்கிருவேன்னு பயம் அவருக்கு. வீட்டுக்கு வந்ததும் கை செவப்புன்னாரு. நான்தான் தைலம் தேய்ச்சு விட்டேன். கடைசி வரைக்கும் எங்கிட்ட ஒரு நாளும் மாத்திச் சொல்லல."

அப்ப நீங்க தனியாப் போகலப்பா. காட்ட வேண்டிய ஆள்கிட்டக் காட்டிட்டுத்தான் போயிருக்கீங்க. இத்தனை நாளும் உங்க மேல இருந்த கோவம் அன்னைக்குத்தான் இறங்குச்சு.

நேத்து அம்மா வாக்கரோட அடுப்படி வரைக்கும் போயி, நின்னு, திரும்பிப் பார்த்துச்சு. "ஊரையெல்லாம் கேக்குறியே, உனக்கு எங்க, என்ன கலரு?"

"நல்லாருக்கேன்"னு வாய் வரைக்கும் வந்துருச்சு. உங்க மகதானே. முழுங்கிட்டு, "அப்பா போனதுலருந்து நெஞ்சு செவப்பும்மா"ன்னேன். அம்மா வாக்கரை விட்டுட்டு, எதையும் பிடிக்காம, ரெண்டு எட்டு எடுத்து வச்சு எங்கிட்ட வந்துச்சு.

வர்ற வாரம் கோயம்புத்தூர் போறேன். தினமும் சாயங்காலம் அம்மாகிட்டப் போன்ல பேசுவேன். அதுவும் கலரைச் சொல்லணும், நானும் சொல்லணும், யாரும் பச்சைன்னு பொய் சொல்லக் கூடாதுன்னு பேசி வச்சிருக்கோம். உங்க மேல சத்தியமா அதைக் காப்பாத்துவேன்.

இப்படிக்கு,
சிவப்புலருந்து மஞ்சளுக்கு வந்திருக்கிற
உங்க மக, கலா