இடது காது

அக்டோபர் 26, ஞாயிறு

விடிந்ததிலிருந்து தூறல். துவைத்த துணி முழுக்க முன்னறையில், கொடி கட்டி. வாங்க வேண்டியவை: இஞ்சி, அடுப்பு லைட்டர், அம்மாவின் முட்டிவலித் தைலம்.

மதியம் தம்பி வந்தான். எஸ்.ஐ. ஆனபிறகு ஞாயிற்றுக்கிழமையில் அவனைப் பிடிப்பதே அபூர்வம். விரால் குழம்பு. இவருக்கும் மைன்ஸில் ஓய்வு நாள். நாலு பேரும் சேர்ந்து சாப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று. அம்மா தன் தட்டைப் பார்க்காமல் அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டிச் சோதனைக் கதை ஒன்று சொன்னான். யாரோ காண்ட்ராக்ட் ஆள். சாவியைப் பிடுங்கியதும், பேப்பரெல்லாம் இருக்கிறதே, சாவியை ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்டானாம்.

"என்கிட்டயே சட்டம் பேசுறான் அத்தான். ஒண்ணே ஒண்ணு விட்டேன். நடுரோட்டுல சம்மணம் போட்டு உக்காந்துட்டான், பந்தியில உக்கார்ற மாதிரி."

சிரித்தோம். இவர் சிரித்து இருமலே வந்துவிட்டது. நானும்தான். சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டு மீன் வைத்தேன் அவனுக்கு.

சாயங்காலம் மழை விட்டது. துணி இன்னும் காயவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

நல்ல வெயில். கிளினிக்கில் கூட்டம்.

எழுதாமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

பதினொரு மணி வாக்கில் டாக்டர் ஒரு நோயாளியை என் அறைக்கு அனுப்பினார், காது கேட்கும் அளவைச் சோதிக்க. பெயர் சக்திவேல். முப்பது வயதுக்குள். மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பக்கம் சிந்தும் நிலக்கரியை அள்ளும் காண்ட்ராக்ட் வேலை. கூட மனைவி, அஞ்சலை. வழக்கம்போல ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னேன். வலது காதில் சின்னச் சத்தத்துக்கும் அமுக்கினார். இடது காதுக்கு மாற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட்டினேன். இன்னும் கூட்டினேன். விரல் பட்டன்மேல் அப்படியே இருந்தது.

"இன்னும் ஆரம்பிக்கலீங்களாம்மா?" என்றார்.

எப்படி ஆயிற்று என்று கேட்டேன்.

"வண்டி புடிச்சிகினு இருந்தாங்க. சாவிய எதுக்குங்க எடுக்கறீங்கன்னு கேட்டதுக்கு எஸ்.ஐ. அறைஞ்சிட்டாருங்க. காதுல விசில் அடிச்ச மாரி இருந்துச்சு. அப்பறம் பூமியே சுத்திச்சு. நிக்க முடியல, கீழ உக்காந்துட்டேன்."

அஞ்சலை சொன்னாள்: "உக்காந்ததப் பாத்து சிரிச்சாங்களாம்மா, சுத்தி நின்னுகினு இருந்தவங்க."

எந்த ஸ்டேஷன் என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன். அவர் சொன்ன பேரைப் புதிதாகக் கேட்பதுபோல் தலையாட்டினேன்.

உள்காதில் அதிர்ச்சி என்றால் நிலைதடுமாறும். இது எனக்குத் தெரிந்த பாடம்தானே. அன்றைக்குத் தட்டின் முன்னால் தோன்றவில்லையே.

"பெல்ட்டு ஓடறதுக்கு முன்ன சைரன் அடிப்பாங்கம்மா. எந்தப் பக்கத்துலருந்து வருதுன்னு தெரியணும். ஒரு காது இல்லன்னா உள்ள வுட மாட்டாங்க. சரியாயிடுமில்லீங்க?"

டாக்டர் சொல்வார் என்றேன். இடது செவிப்பறை கிழிந்திருக்கிறது, அடி பட்டதால் என்று டாக்டர் எழுதினார். அதன் கீழே என் சோதனை, என் கையெழுத்து.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இரவுக்கு உப்புமா.

அக்டோபர் 29, புதன்

டவுன்ஷிப் ஆர்ச் கேட் தாண்டி ஸ்கூட்டியை நிறுத்தினார்கள். ஹெல்மெட் எடுக்க மறந்திருந்தேன். இளம் போலீஸ்காரர். பின்னாலிருந்து ஏட்டு ஒருவர் எட்டிப் பார்த்து, "எஸ்.ஐ. சாரோட அக்காப்பா. நீங்க போங்க மேடம்" என்றார். பக்கத்தில் முந்திரிக்கொட்டை மூட்டை வைத்த டிவிஎஸ்-காரர் ஒருவர் ஓரமாக, கையைக் கட்டி நின்றுகொண்டிருந்தார்.

போனேன். இத்தனை வருஷமும் இப்படித்தான் போயிருக்கிறேன். சில சமயம் அவர்கள் கண்டுபிடிக்கும் முன்பே நானாக வாயைத் திறந்து தம்பி பேரைச் சொல்லி. பெருமையாக.

குக்கர் கேஸ்கெட் மாற்ற வேண்டும்.

நவம்பர் 3, திங்கள்

மேகமூட்டம். வெளியில் ஈரச் சாம்பல் வாசம்.

மாலையில் அஞ்சலை மட்டும் வந்தாள். கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுத்துவிட்டு நேராக வந்திருக்கிறாள். ரிப்போர்ட் இன்னொரு நகல் வேண்டுமாம்.

"ஸ்டேஷன்ல மனுவே வாங்கலம்மா. வண்டிலருந்து வுழுந்துட்டேன்னு எழுதிக் குடுன்றாங்க. எம் புருசன் வுழுந்ததே இல்ல, குடிக்கறதும் இல்ல. எப்படிங்க எழுதுறது?"

நகல் எடுத்துக் கொடுத்தேன். தண்ணீர் கொடுத்தேன். "நல்லா இருக்கணும்மா நீங்க" என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, மேஜையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

சக்திவேல் மறுபடி செவிப்பறை சோதனைக்கு அடுத்த மாதம் வரவேண்டும். அறுவை தேவையா என்று அப்போதுதான் தெரியும்.

நவம்பர் 8, சனி

தம்பி போன். குரலில் அவசரம்.

"அக்கா, அந்த ரிப்போர்ட்ல உன் கையெழுத்து இருக்கு. ஏன் என்கிட்ட சொல்லல?"

கோட்டாட்சியர் விசாரிக்கப்போகிறாராம். டாக்டரையும் என்னையும் கூப்பிடுவார்களாம்.

"நான் தொடவே இல்லன்னு எழுதிக் குடுத்திருக்கேன். கூட இருந்தவங்களும் அதையேதான் சொல்வாங்க. நீ பெருசா ஒண்ணும் சொல்ல வேணாம்க்கா. மைன்ஸ் சத்தத்துல வேலை பாக்குறவன். காது முன்னாடியே போயிருக்கலாம்னு ஒரு வார்த்தை. இருக்கலாம்னுதான் சொல்லச் சொல்றேன். பொய்கூட இல்லையே."

பொய்தான். மெஷின் சத்தத்தில் போகிற காது இரண்டும் சேர்ந்து, மெல்ல மெல்லப் போகும். ஒரு பக்கம் மட்டும், பறை கிழிந்து, ஒரே நாளில் போகாது. வலது கைக்காரன் எதிரில் நிற்பவனை அறைந்தால் இடது காதில்தான் விழும். இதெல்லாம் நாக்கு நுனி வரை வந்தது.

நான் சொன்னது: "பாக்கலாம்டா."

அவ்வளவுதான். பாக்கலாம். நாற்பத்திரண்டு வயது. எழுதும்போதே கூசுகிறது.

நவம்பர் 9, ஞாயிறு

மழை. மீன் வாங்கவில்லை. பருப்பும் அப்பளமும்.

அவன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அடுப்படியில் என் பின்னாலேயே நின்றாள். இங்கே வந்து எத்தனையோ வருஷம் ஆகியும், கோபம் வந்தால் அம்மாவுக்குத் திருநெல்வேலிப் பேச்சு திரும்பிவிடும்.

"அவன் ஒத்த ஆளு படிச்சு உத்தியோகத்துக்கு வந்தவன்ளா. ஒரு அடி. ஊர்ல எந்தப் போலீஸ்காரன் அடிக்காம இருக்கான்? அதுக்கு நீ போயி சாட்சி சொல்லுதியாக்கும்?"

"காது போச்சும்மா அந்த ஆளுக்கு."

"இன்னொரு காது இருக்குல்லா."

சொல்லிவிட்டு அவளே ஒரு கணம் நின்றாள். பிறகு தட்டைக் கழுவப் போய்விட்டாள். அம்மா கெட்டவள் இல்லை. பக்கத்து பிளாக்கில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சி கொண்டுபோகிறவள்.

இவர் பேப்பரை மடித்துக்கொண்டே, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. காது இவ்வளவு கேக்குது, இவ்வளவு கேக்கல. அதோட முடிஞ்சுது. சாப்பாட்டுல பேசினது வீட்டோட இருக்கட்டும்" என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. அதுதான் பயமாக இருக்கிறது. எவ்வளவு சுலபமாக நியாயமாகப் பட்டது.

நவம்பர் 12, புதன்

விடாத மழை. கேஸ்கெட் மாற்றியாயிற்று.

அஞ்சலை போன் செய்தாள். சக்திவேலின் கேட் பாஸைப் புதுப்பிக்கவில்லை. காது சரியாகிச் சான்று கொண்டுவந்தால் பார்க்கலாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். இவள் பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கப் போகிறாள். கொட்டைப் பால் பட்டு விரலெல்லாம் கறுத்துப் போச்சு என்றாள், சிரித்துக்கொண்டே.

"நாளைக்கு விசாரணைக்கு நீங்களும் வருவீங்கன்னு சொன்னாங்க. நீங்க இருக்கீங்கன்னு தெம்பா இருக்குதும்மா."

அவளிடமாவது சொல்லியிருக்கலாம், நான் யார் என்று. சொல்லவில்லை. மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

காதுச் சோதனை செய்கிறவள் சொல்லும் பொய்.

நவம்பர் 13, வியாழன்

கோட்டாட்சியர் அலுவலகம். நீலப் புடவை. டாக்டரோடு காரில். வழியெல்லாம் அவர் தன் மகளின் நுழைவுத் தேர்வைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.

வராந்தாவில் ஒரு பக்கம் தம்பி, யூனிபார்மில், கூட இரண்டு பேர். இன்னொரு பக்கம் பெஞ்சில் சக்திவேலும் அஞ்சலையும். தம்பி என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். அஞ்சலையும் தலையசைத்தாள். இரண்டு பேருக்கும் நான் தலையசைத்தேன்.

உள்ளே, கோட்டாட்சியர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். தன்மையாகப் பேசினார். சத்தத்தால் இப்படி ஆகியிருக்க முடியுமா என்று கேட்டார். முடியாது, ஏன் என்றும் சொன்னேன். தட்டச்சு செய்பவர் கேட்டுக் கேட்டு அடித்தார்.

"சரிம்மா. வேற ஏதாவது சொல்லணுமா?"

இல்லை என்று எழுந்து வந்திருக்கலாம். பாதி எழுந்தும்விட்டேன்.

"அந்த எஸ்.ஐ. என் கூடப்பிறந்த தம்பி மேடம்."

டாக்டர் திரும்பிப் பார்த்தார். என் தம்பி எஸ்.ஐ. என்று அவருக்குத் தெரியும், இந்த எஸ்.ஐ.தான் என்று தெரியாது.

"என் வீட்ல சாப்பிடும்போது அவனே சொன்னான். சாவி ஏன் எடுக்கறீங்கன்னு கேட்டதுக்கு அறைஞ்சேன், ரோட்டுல உக்காந்துட்டான்னு."

"நீங்க கேட்டீங்களா? நேரா?"

"பரிமாறிட்டு இருந்தேன்."

"அப்ப நீங்க என்ன சொன்னீங்க அவர்கிட்ட?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

"சிரிச்சேன் மேடம்."

தட்டச்சுச் சத்தம் நின்றது. அதையும் அடிக்கவா என்பதுபோல அவர் பார்த்தார். "அடிங்க" என்றேன் நானே. கோட்டாட்சியர் தாளை என் பக்கம் நகர்த்தினார். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். என் வாக்குமூலத்தில் அந்த ஒரு வரி தனியாக இருந்தது.

வெளியே வந்தபோது தம்பியை உள்ளே கூப்பிட்டார்கள். என்னைக் கடக்கும்போது, "முடிஞ்சுதாக்கா?" என்றான், சாதாரணமாக. அவனுக்கு இன்னும் தெரியாது. "ம்" என்றேன்.

திரும்பும்போது டாக்டர் தேர்வைப் பற்றிப் பேசவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

அம்மா பையைக் கட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். தைலத்தை எடுக்க மறந்துவிட்டாள். கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு முகம் இல்லை, இவரிடம் கொடுத்தனுப்பினேன்.

தம்பி போனில் கத்துவான் என்று நினைத்திருந்தேன். கத்தவில்லை. அழுதான்.

"பள்ளிக்கூடத்துல ஒருத்தன் என்னை அடிச்சான்னு நீதானக்கா அவன் வீடு தேடிப் போய்ச் சண்டை போட்ட. இப்ப எவனுக்கோ போய்…"

அப்போதும் இப்போதும் அடி வாங்கியவன் பக்கம்தான் என்று சொல்லலாம். சொன்னால் நான் நல்லவளாகத் தெரிவேன். ஆனால் நடுவில் அந்த ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது, அங்கே நான் யார் பக்கம் இருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அவனே வைத்துவிட்டான்.

நவம்பர் 25, செவ்வாய்

பனி. பவர் பிளான்ட் புகையும் பனியும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

தம்பி சஸ்பெண்ட். வழக்கும் பதிவாகியிருக்கிறது. இவர் ஷிப்ட் முடிந்து வந்து, ஷூவைக் கழற்றாமலே சொன்னார். மைன்ஸ் முழுக்கத் தெரிந்திருக்கிறதாம். அன்று அங்கே நின்று பார்த்த டீக்கடைக்காரரும் கூட இருந்த காவலர் ஒருவரும், நான் சொன்ன பிறகு, நடந்ததைச் சொல்லிவிட்டார்களாம்.

பஸ் ஸ்டாண்டில் தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் வழி மறித்து, "உங்கள மாதிரி தைரியம் யாருக்கும்மா வரும், கூடப்பிறந்தவன்னும் பாக்காம" என்று கும்பிட்டார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எங்காவது ஓடிப் போய்விடலாம் போல இருந்தது. கும்பிடாதீங்க அண்ணே என்று மட்டும் சொன்னேன். காய் வாங்காமலே வந்துவிட்டேன்.

அம்மா போனை எடுப்பதில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

குளிர். ஸ்வெட்டர் எடுத்தாயிற்று.

சக்திவேல் மறுசோதனைக்கு வந்தார், தனியாக. பறை பாதி மூடியிருக்கிறது, அறுவை வேண்டாம் போலிருக்கிறது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். எனக்கு மனசு துள்ளியது. நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். ஹெட்போனை எடுத்து நீட்டினேன்.

வாங்கவில்லை. வாசலிலேயே நின்றார்.

"நீங்கதான் அவரோட அக்காவாங்க?"

"ஆமா."

"நீங்க சொல்லலன்னா ஒண்ணும் நடந்திருக்காதுங்க. அது தெரியும். எம் பொஞ்சாதி தெனம் சொல்லுது."

என் கையிலிருந்த ஹெட்போனைப் பார்த்தார். பிறகு, "இந்த டெஸ்ட்ட வேற யாராவது எடுப்பாங்களாங்க?" என்றார்.

வியாழக்கிழமை கடலூரிலிருந்து ஒருவர் வருவார் என்றேன்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. கண்ண மூடிகினு சத்தம் வருதா வருதான்னே கவனிக்கணுமில்லீங்க. நீங்க எதுக்க உக்காந்துகினு இருந்தா எனுக்கு மனசு அதுல நிக்காதுங்க. பாஸுக்கு இந்த டெஸ்ட்டு சரியா வரணும். நான் வியாழக்கிழமயே வந்துடறேன்."

"வியாழக்கிழமை காலைல வாங்க. முதல் ஆளா பேர் எழுதி வைக்கிறேன்" என்றேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு போனார். ரோட்டைக் கடக்கும்போது ஒரு பக்கம் பார்த்தார். பிறகு உடம்பையே திருப்பி, இடது பக்கம் நன்றாகப் பார்த்துவிட்டுக் கடந்தார்.

அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.